குதிரைப் பந்தயத்தில் ‘ஹேண்டிகேப்’: ஈடுசுமை

‘ஹேண்டிகேப்’ என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் தடை, இடையூறு, ஊனம் என்று பொருள் கிடைக்கும். இவற்றை வைத்துக்கொண்டு இங்கிலாந்துப் பந்தயச் செய்தியில் வரும் ‘ஹேண்டிகேப் ஹர்டில்’ என்பதைத் தமிழாக்கினால் ‘தடைத் தடை’ என்று வந்து நிற்கும். பந்தயத்தின் உயிரான விஷயம், அதாவது குதிரையின் திறமைக்கேற்ப எடை ஏற்றிச் சமன் செய்வது, அங்கேயே தொலைந்துவிடும்.

ஹர்டில் எளிது. ஆட்டுப்பட்டிக்கு மறைப்பாக வைக்கும் படல்தான் அது. பந்தயத் திடலில் சுமார் மூன்றரை அடி உயரத்துக்கு வைப்பார்கள். குதிரையின் கால் பட்டால் சாய்ந்து கொடுக்கும். ‘தடைதாண்டும் பந்தயம்’ என்று வழங்குவதே போதும். ‘படல்தாண்டல்’ என்றாலும் எனக்குப் பிடிக்கும்.

ஹேண்டிகேப்பின் கதை சுவையானது. தொப்பியை நீட்டிப் பிச்சை கேட்டவர்களிடமிருந்து வந்த சொல் என்று பலரும் சொல்வது தவறு. ‘தொப்பிக்குள் கை’ என்பது 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆடிய ஒரு பண்டமாற்று விளையாட்டு. சாமுவேல் பீப்ஸ் 1660-இல் தன் நாட்குறிப்பில் இதைக் குறித்திருக்கிறார். ஒருவரிடம் குதிரை, மற்றவரிடம் கடிகாரம் என்று வைத்துக்கொள்வோம். மாற்றிக்கொள்ள ஆசை, ஆனால் மதிப்பு சமமில்லை. நடுவர் ஒருவர் இரண்டையும் பார்த்து, கடிகாரக்காரர் மேற்கொண்டு இவ்வளவு தர வேண்டும் என்று சொல்வார். மூவரும் தொப்பிக்குள் கொஞ்சம் பணம் போடுவார்கள். பொருளுக்குரிய இருவரும் உள்ளே கைவிட்டு ஒரே நேரத்தில் வெளியே எடுப்பார்கள். கையைப் பார்த்தால் சம்மதமா இல்லையா என்று தெரியும். இருவரும் ஒத்துக்கொண்டாலோ இருவரும் மறுத்தாலோ தொப்பிப் பணம் நடுவருக்கு. ஒருவர் மட்டும் சம்மதித்தால் அது அவருக்கே. ஆகவே நடுவர் நேர்மையாக மதிப்பிட்டால்தான் அவருக்கு லாபம்.

18-ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கு குதிரைகளுக்குப் போனது. வலுவான குதிரைக்குக் கூடுதல் எடை, வலுக் குறைந்ததற்குக் குறைந்த எடை. அதைத் தீர்மானிப்பவர் நடுவர். 1791-இல் இங்கிலாந்தின் ஆஸ்காட் திடலில் நடந்த ஓட்லண்ட்ஸ் பந்தயம் இவ்வகையில் முதல் பெரிய போட்டி. ஊனம் என்ற பொருள் வெகு பின்னால் ஒட்டிக்கொண்டது.

இன்றைய முறையில் ஒவ்வொரு குதிரைக்கும் தரப்புள்ளி உண்டு. ஒரு புள்ளிக்கு ஒரு பவுண்டு எடை. 140 புள்ளிக் குதிரை, 125 புள்ளிக் குதிரையைவிட 15 பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, அதிகம் சுமக்கும். குதிரையை ஓட்டும் ஜாக்கியின் எடையும் சேணமும் போதாவிட்டால் சேணத்துக்கு அடியில் உள்ள துணிப்பையில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். ஓட்டத்துக்கு முன் ஜாக்கி தராசில் ஏறியே ஆகவேண்டும். முன்னணி இடங்களில் வந்தவர்கள் ஓட்டத்துக்குப் பின்னும் ஏற வேண்டும். ஜாக்கி பயிற்சி நிலையில் இருந்தால் சுமக்க வேண்டிய எடையில் 7, 5 அல்லது 3 பவுண்டு சலுகை கிடைக்கும். பந்தயம் கட்டுபவர் இதைக் கவனிக்காமல் விட்டால் கணக்கே மாறிவிடும்.

எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதுதான் எடையைத் தீர்மானிப்பவரின் நோக்கம். அதனால் வாய்ப்பு தேடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, எந்தக் குதிரையின் திறமையைப் புள்ளி இன்னும் எட்டிப்பிடிக்கவில்லை என்பது. இங்கிலாந்தின் செல்டன்ஹாம் திடலில் 1920 முதல் நடக்கும் கவுன்டி ஹர்டில் என்ற ஹேண்டிகேப் பந்தயம் இதற்கு நல்ல உதாரணம். அதை 2022-இல் வென்ற ஸ்டேட் மேன், 2024-இல் உச்சத் தடைதாண்டும் பந்தயமான சாம்பியன் ஹர்டிலையே வென்றது. சாம்பியன் ஹர்டிலில் இப்படிப் புள்ளி பார்த்து எடை ஏற்றுவதில்லை. பின்னாளில் அங்கே வெல்லவிருந்த குதிரை, கவுன்டியில் ஓடியபோது தன் தகுதிக்கு லேசான சுமையோடு ஓடியிருக்கிறது என்றுதான் அர்த்தம். இளம் குதிரைகளின் முன்னேற்றத்தைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

16 அல்லது அதற்கு மேற்பட்ட குதிரைகள் ஓடும் ஹேண்டிகேப்பில் ‘ஈச் வே’ கட்டினால், புக்கிகள் (பந்தயப் பணம் ஏற்பவர்கள்) வழக்கமாக முதல் நான்கு இடங்களுக்கும் பணம் தருவார்கள். பாதிப் பணம் வெற்றிக்கு, பாதி இடத்துக்கு. 20/1 (ஒன்றுக்கு இருபது) குதிரை நான்காவதாக வந்தால் இடத்துக்கான பாதிக்கு அதில் கால்வாசியான 5/1 கிடைக்கும். வெற்றிக்குக் கட்டிய பாதி போய்விடும்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘எடைச் சமன்’ தவறில்லை. என் தேர்வு ‘ஈடுசுமை’. ஈடு என்றால் ஒப்பு. ‘ஈடுகட்டு’ என்று அன்றாடம் பேசுகிறோம். தொப்பி விளையாட்டின் நடுவர் செய்ததும் ஈடுகட்டும் வேலைதான். ஹேண்டிகேப் ஹர்டில், ‘ஈடுசுமைத் தடைதாண்டும் பந்தயம்’. எடை தீர்மானிக்கும் ஹேண்டிகேப்பர், ‘ஈடுசுமையாளர்’.