குன்றின் உச்சியில் ஓவர்லேப் எவ்வளவு?

குன்று ஒன்று நடுவில் இருந்த இடத்தை ட்ரோனில் மேப்பிங் செய்தோம். எல்லாப் படங்களையும் ஒன்றாக ஒட்டி, நேர் மேலிருந்து பார்ப்பதுபோல் ஆக்கிய ஆர்த்தோ படம் வந்தபோது, உச்சியில் நின்ற மரங்கள் மட்டும் கிழிந்த துணி மாதிரி இருந்தன. ட்ரோன் ஒழுங்காகத்தான் பறந்தது. எடுத்த படங்களும் தெளிவாகவே இருந்தன. தப்பு, பறப்பதற்கு முன்பே மிஷன், அதாவது பறக்கும் திட்டம், போட்ட திரையில் நடந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். 13.2 × 8.8 மில்லிமீட்டர் சென்சாரும் 8.8 மில்லிமீட்டர் ஃபோகல் லெங்த்தும் உள்ள கேமரா, 100 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் 150 × 100 மீட்டரைப் பிடிக்கும். ஓவர்லேப், அதாவது பக்கத்துப் பக்கத்துப் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் பங்கு, முன்பின் 80, பக்கவாட்டில் 70 சதவீதம் என்று கொடுத்தால், 20 மீட்டருக்கு ஒரு படம், 45 மீட்டருக்கு ஒரு பறக்கும் கோடு என்று மென்பொருள் போட்டுவிடும். டேக்-ஆஃப் செய்த இடத்தின் மட்டத்திலேயே தரை முழுக்க இருக்கும் என்று நினைத்துப் போட்ட கணக்கு இது. தரை 40 மீட்டர் ஏறினால் அங்கே மிச்சம் 60 மீட்டர் உயரம்தான். படத்தில் அடங்கும் பரப்பு 90 × 60 ஆகிவிடும். கோடுகளோ அதே 45 மீட்டர் இடைவெளியில். பக்கவாட்டு ஓவர்லேப் 50-க்கு இறங்கிவிட்டது. அங்கே 15 மீட்டர் மரம் நின்றால், அதன் தலையில் வெறும் 33. காற்றில் ஆடும் இலைகளை அவ்வளவு குறைந்த ஓவர்லேப்பில் எந்த மென்பொருளாலும் சரியாகப் பொருத்த முடியாது. திரையில் மட்டும் கடைசி வரை 70 என்றே இருந்தது.

இந்த ஓர் எண்ணுக்குப் பதிலாக, எந்த இடத்தில் எவ்வளவு ஓவர்லேப் கிடைக்கும் என்று வரைபடத்தின் மேலேயே நிறம் பூசிக் காட்டினால் போதும். தரை உயரத் தகவல் கைவசம் இருக்கும்போது இது பெரிய வேலையே இல்லை.

மிஷன் பிளானர், கியூகிரவுண்ட்கண்ட்ரோல் போன்ற மிஷன் போடும் மென்பொருள்களில் தரையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டிப் பறக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஆனால் அது எந்தத் தகவலை நம்புகிறது என்று பாருங்கள். பலரும் பயன்படுத்தும் எஸ்ஆர்டிஎம் உயரத் தகவல், 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் எடுத்தது. கிட்டத்தட்ட 30 மீட்டருக்கு ஓர் உயரம். அதற்குப் பிறகு எழுந்த கோபுரமோ கட்டடமோ அதில் கிடையாது. அப்புறம், நாமே உயரக் கோப்பு ஏற்றினால், அது கடல் மட்டத்தை ஒட்டிய ஜியாய்டு உயரமா, பூமியைச் சீரான வடிவமாக வைத்து ஜிபிஎஸ் அளக்கும் எலிப்சாய்டு உயரமா என்று மென்பொருள் கட்டாயம் கேட்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில இடங்களில் 100 மீட்டர் வரை போகும். கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் மென்பொருள் ட்ரோனைக் குன்றிலேயே மோதவிடலாம்.

பேட்டரி நேரமும் அப்படித்தான். காற்றையும் திருப்பங்களையும் சேர்க்காமல் காட்டும் நிமிடங்களை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அந்த வேலையில், உச்சியை மட்டும் தனி மிஷனாகப் பிரித்து, அங்கிருந்தே டேக்-ஆஃப் செய்து 100 மீட்டரில் மறுபடி பறந்தோம். பல நாடுகளில் தரையிலிருந்து 120 மீட்டர்தான் வரம்பு என்பதால், சரிவில் உச்சியைவிட 20 மீட்டருக்கு மேல் தாழ்ந்த இடம் வராதபடி எல்லையை இறுக்கிப் போட்டோம். இந்த முறை மரங்கள் முழுசாக வந்தன.