பனியை ஏன் எடை போடுகிறார்கள்?

30 செ.மீ. பனி கொட்டியது என்று செய்தியில் பார்த்தால் 30 செ.மீ. மழைக்குச் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். அதை உருக்கினால் சாதாரணமாக 3 செ.மீ. தண்ணீர்தான் தேறும். மீதி இடத்தில் இருப்பது காற்று. ஒரு படி அரிசி பொரிந்தால் மூட்டையை அடைத்துக்கொள்கிறது, எடை மட்டும் கூடுவதில்லை, அப்படித்தான் இதுவும்.

ஆனால் இந்தப் பத்துக்கு ஒன்று கணக்கை எல்லா இடத்திலும் போட முடியாது. மேகத்துக்குள் மைனஸ் 12 முதல் மைனஸ் 18 டிகிரி வரை குளிர் இருந்தால் படிகங்கள் ஆறு கிளை விட்டு நட்சத்திரம் மாதிரி வளர்கின்றன, அந்தக் கிளைகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிய முடியாமல் நடுவில் காற்றை அடைத்துக்கொள்வதால் 20 செ.மீ., சில சமயம் 30 செ.மீ. பனியில்கூட 1 செ.மீ. தண்ணீர்தான் இருக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டி விழும் ஈரப்பனி வேறு ரகம். 5 செ.மீ.யிலேயே அந்த 1 செ.மீ. வந்துவிடும். சதுர மீட்டருக்கு 1 மி.மீ. தண்ணீர் என்றால் 1 கிலோ, அப்படியானால் 30 செ.மீ. ஈரப்பனி கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 60 கிலோ ஏற்றுகிறது. பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான்.

சரி, விழுந்த பிறகு? கிளைகள் மழுங்கும், மேலே விழுவதன் பாரத்தில் அடிப்பனி அமுங்கும், பகலில் கொஞ்சம் உருகி ராத்திரியில் இறுகும். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், பிலிப்ஸ் ஸ்டேஷன் என்ற இடத்தில் 2023 ஏப்ரல் 3 அன்று அளந்தபோது பனியின் உயரம் 321 செ.மீ., அதற்குள் இருந்த தண்ணீர் 137 செ.மீ. பத்துக்கு ஒன்று போட்டிருந்தால் 32 என்று வந்திருக்கும், ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் கணக்கிலேயே வராது!

அதனால்தான் எடை போடுகிறார்கள். நீளமான உலோகக் குழாயைத் தரை தட்டும்வரை குத்தி, உருவி, நுனியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்; மண் இருந்தால்தான் அடிவரை போனதாக அர்த்தம். மண்ணைச் சுரண்டிவிட்டு, குழாயோடு தராசில் தொங்கவிட்டு, வெறும் குழாயின் எடையைக் கழிக்கிறார்கள். குழாயின் விட்டத்தை எனக்குப் பிடித்த ஒரு யுக்தியோடு வைத்திருக்கிறார்கள்: உள்ளே ஒரு அவுன்ஸ் பனி என்றால் ஓர் அங்குலத் தண்ணீர். தனியாகக் கணக்கே வேண்டாம்.

கலிபோர்னியாவின் தண்ணீர்த் தேவையில் ஏறக்குறைய 30 சதவீதம் இந்த மலைப்பனி உருகித்தான் வருகிறது. 2015 ஏப்ரல் 1 அன்று அதே இடத்தில் குழாயைக் குத்தப் பனியே இல்லை. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காய்ந்த புல்லில் நின்றபடிதான் நகரங்களின் தண்ணீர்ச் செலவில் 25 சதவீதத்தைக் குறைக்க உத்தரவிட்டார்.