ஃபேன் ஓடுற ஹால்ல லட்ச ரூபா செட்டு

கீழக்கரை பக்கம் ஒரு காலத்துல வெளிநாடு போயிட்டு வர்ற சபுராளிங்க டூ-இன்-ஒன் கொண்டு வந்தாங்க, இப்ப ஆம்ப்ளிஃபயர், டிஜிட்டல் பாட்ட மின் சைகையா மாத்துற டிஏசி, பெருவிரல் தண்டி கேபிள்னு வந்து இறங்குது. வீட்டுல உக்காந்து நல்லா பாட்டு கேக்க இவ்வளவு காசு வேணுமான்னு கேட்டா, ஒரு அளவு வரைக்கும் வேணும், அதுக்கு மேல நீங்க கொட்டுற காச உங்க காது கண்டுபிடிக்காது.

ராமேஸ்வரம், பாம்பன்ல வயசானவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, இலங்கை வானொலிதான் அவங்களுக்குப் பாட்டு. உப்புத்தண்ணி மின்சாரத்த நல்லா கடத்தும்ங்கறதால மீடியம் வேவ் அலை தரையில போறத விட கடல் மேல ரொம்ப தூரம் பலம் குறையாம வரும், அதான் இங்க அவ்வளவு தெளிவு. ஆனா அந்த ரேடியோ பெட்டியில சுமார் 5000 ஹெர்ட்ஸ்க்கு (செகண்டுக்கு எத்தனை அதிர்வுங்கற கணக்கு, கூடுனா கீச்சுன்னு கேக்கும்) மேல பெருசா ஒண்ணும் வெளிய வராது, இளவயசு காது 20,000 வரைக்கும் கேக்கும். கால்வாசிய வச்சே உருகி உருகி கேட்டிருக்காங்க. பாடுற குரலோட முக்கியமான பகுதி பூரா அந்த 5000க்குள்ளதான் இருக்கு. பாஸ், அதாவது தும் தும்னு அடிக்கிற கனத்த சத்தம், அதுல இன்னொரு கூத்து: போன் ஸ்பீக்கர்ல 100 ஹெர்ட்ஸ் வரவே வராது, ஆனா அதே சுரத்தோட மடங்குகளான 400, 500, 600 எல்லாம் வரும், அத வச்சு மூளை அந்த 100-ஐ தானா போட்டுக்கும். இல்லாத பாஸ் கேக்கும்!

இப்ப ஃபேனுக்கு வருவோம். நம்ம ஊர் புழுக்கத்துல ஃபேன் போடாம யாரு பாட்டு கேக்குறா. வேகமா ஓடுற சீலிங் ஃபேன் ரூம்ல சுமார் 45 டெசிபல் சத்தம் போடும், அதுக்குக் கீழ உள்ள மெல்லிசான சத்தம்லாம் பெரும்பாலும் அதுலயே முங்கிடும். சிடி வந்தது 1982ல, அதுல சத்தத்தோட அளவ குறிச்சு வைக்கிற 16 பிட்டுக்கு ரொம்ப மெல்லிசுக்கும் உச்சத்துக்கும் நடுவுல 96 டெசிபல் இடைவெளி. அது மொத்தமும் ஃபேனுக்கு மேல கேக்கணும்னா உச்சத்த 140 டெசிபலுக்கு ஏத்தணும், 120, 130லயே காது வலிக்க ஆரம்பிச்சிரும். சிடியவே முழுசா அனுபவிக்க முடியாத ஹால்ல, அத விட நுணுக்கமா பதியிற 24 பிட்டுக்கு எதுக்கு தனியா காசு? ரெக்கார்டிங் பண்றவங்களுக்கு அது வேணும், அது வேற கதை.

2007ல மேயர், மோரன்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல இத சோதிச்சு வெளியிட்டாங்க. உயர்தர டிஸ்க்க அப்படியே ஒரு தடவை, சிடி தரத்துக்கு இறக்கி ஒரு தடவை, எது எதுன்னு சொல்லாம போட்டுக் காட்டுனாங்க. 554 தடவையில 276 தடவைதான் சரியா சொன்னாங்க, காசு சுண்டிப் போட்டாலும் அதான் வரும். அப்புறம் கடையில மட்டும் ஏன் வித்தியாசம் கேக்குதுன்னா, பெரும்பாலும் ஒண்ணு கொஞ்சம் சத்தமா ஓடும். சத்தம் கூடுனா காதுக்கு பாஸும் கூடத் தெரியும், ஃப்ளெட்சர், மன்சன் ரெண்டு பேரும் 1933லயே இத அளந்து போட்டுட்டாங்க.

கேபிள்? வீட்டு ஒயரிங்குக்கு இழுக்குற 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் தூரத்துக்கு போக வர சேர்த்து 0.1 ஓம் சொச்சம் வரும், ஸ்பீக்கர் 8 ஓம். இதுல குறையிற சத்தம் 0.1 டெசிபல். அவ்வளவுதான்.

காசு போட வேண்டிய இடம் ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபயர் சும்மா மின்சாரம்தான், சுமாரான ஆம்ப்லயே பிசிறு ரொம்ப கம்மி, ஆனா ஸ்பீக்கர் காயில், காகிதக் கூம்பு, காந்தம், பெட்டின்னு ஆடி அசைஞ்சு காத்த தள்ளுற சாமான், ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் நல்லாவே தெரியும். அடுத்தது ரூம், இத யாரும் கண்டுக்கறதே இல்ல. கான்கிரீட் சுவரு, டைல்ஸ் தரை, கை தட்டுனா கணீர்னு திரும்பி வரும். 50 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், ஹால் மூணரை மீட்டர் நீளம்னா அந்த அலை ரெண்டு சுவருக்கு நடுவுல சரியா மாட்டிக்கும், சுவரோரம் தும் தும்னு அடிக்கும், நட்ட நடுவுல உக்காந்தா அந்த பாஸே காணாம போயிடும். அதனால நாற்காலிய ரெண்டடி நகத்துங்க, ஸ்பீக்கர மூலையில இருந்து வெளிய இழுங்க, பைசா செலவில்ல. கோரைப்பாய் விரிச்சா சரியாகும்னு சொல்வாங்க, அது ரொம்ப மெல்லிசு, பெருசா உதவாது. மெத்தை, சோபா, கனத்த திரைச்சீலை எதிரொலிய குறைக்கும், பாஸுக்கு அதுவும் பத்தாது. இந்தத் தொல்லையே வேணாம்னா நல்ல ஹெட்போன் ஒண்ணு போதும், ரூமே கணக்குல வராது.

கடலோரத்துக்குன்னு ஒரு பிரச்சனை தனியா இருக்கு. உப்புக்காத்து படிஞ்ச இடம் ஈரத்த இழுத்து வச்சுக்கும், ஸ்பீக்கர் பின்னாடி செம்பு முனை பச்சையா பூத்து கரகரன்னு சத்தம் வரும், அத தேய்ச்சுத் துடைச்சா இல்ல நுனிய வெட்டி புதுசா சீவி மாட்டுனா போதும், புது கேபிள் வேணாம். கூம்ப சுத்தி இருக்குற ஃபோம் விளிம்பு வருஷமாக ஆக ஈரத்துலயும் காத்துலயும் பொடிப்பொடியா உதிரும், ரப்பர் விளிம்பு அத விட ரொம்ப நாள் தாங்கும். செகண்ட் ஹாண்ட்ல வாங்குறவங்க முன்னாடி இருக்குற துணி வலையக் கழட்டி அந்த விளிம்ப மெதுவா தொட்டுப் பாருங்க, விரல்ல கருப்பா ஒட்டுச்சுன்னா விலைய குறைச்சுக் கேளுங்க.