ஹெர்2: எதையும் ஏற்காத ஏற்பி

சித்தியின் மார்பகக் கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. கொஞ்சம் சாய்வாக, ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ தெரிய எடுத்த படம். கீழே மூன்று வரி: ஈஆர் நெகட்டிவ், பிஆர் நெகட்டிவ், ஹெர்2 பாசிட்டிவ் 3 பிளஸ். பின்னாலேயே ஒரு குரல் பதிவு: "ஏம்ப்பா, ஹெர்னா அவளோடதுன்னுதானே அர்த்தம்? பொம்பளைங்களுக்கு மட்டும் இருக்கிறதா இது?"

இல்லை சித்தி, என்று எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போய் இப்படி ஆகிவிட்டது.

ஈஆர், பிஆர் இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள், அவற்றை விட்டுவிடலாம். இந்த ஹெர், ஆங்கிலத்து 'அவள்' இல்லை. மனித, மேல்தோல், ஏற்பி என்ற மூன்று சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வாசிக்கிறோம், அவ்வளவுதான். நடுவில் இருந்த 'வளர்ச்சிக் காரணி'யைச் சுருக்கும்போது விழுங்கிவிட்டார்கள். முழுதாகச் சொன்னால் மனித மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பி 2, செல்லின் பரப்பில் நிற்கும் ஒரு புரதம். இதையும் சுருக்குகிறேன் பேர்வழி என்று ம.மே.வ.கா.ஏ.2 என்று எழுதினால் யாரோ புதுக்கட்சி தொடங்கிய மாதிரி இருக்கும், வேண்டாம். ஆண், பெண் எல்லோருக்கும் 17ஆவது குரோமோசோமின் நீளக் கையில் இதற்கான மரபணு இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று செல்லுக்கு இரண்டு பிரதி. சித்தப்பாவுக்கும் உண்டு. மார்பகத்தோடு முடிகிற விஷயமும் இல்லை, இரைப்பைப் புற்றுநோயிலும் இதே ஹெர்2வைத் தேடிப் பார்க்கிறார்கள்.

மார்பகப் புற்றில் மேல்தோலுக்கு என்ன வேலை? அந்தப் பெயர் சுண்டெலிகளின் கண்ணிமையிலிருந்து வந்தது. ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். சுண்டெலிக் குட்டி கண்மூடியபடிதான் பிறக்கும், கண் திறக்க 12, 14 நாள் ஆகும். ஊசி போட்ட குட்டிகளோ ஒரு வாரத்திலேயே விழித்துப் பார்த்தன, பல்லும் முன்னதாகவே முளைத்தது. இமையின் மேல்தோல் அவசரமாக வளர்ந்து முதிர்ந்ததுதான் காரணம் என்று தெரிந்ததும், சாற்றில் இருந்த அந்தப் புரதத்துக்கு மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்ற பெயர் நின்றது. 1986இல் இத்தாலிய விஞ்ஞானி ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார் கோஹன். அந்தக் காரணியைச் செல்லின் பரப்பில் நின்று பிடித்துக்கொள்ளும் புரதம் ஹெர்1. அமைப்பில் அதன் உடன்பிறப்பு போல இன்னொன்று அகப்பட்டபோது அது ஹெர்2 ஆனது, பிறகு 3, 4 வந்தன. ஆக, மேல்தோல் என்பது இதற்கு இனிஷியல் மாதிரி. குடும்பத்தைச் சொல்லும், ஆள் செய்கிற வேலையைச் சொல்லாது.

ரிப்போர்ட் படிப்பவர்களை இன்னும் குழப்புவது, ஒரே பொருளுக்கு மூன்று பெயர் இருப்பது. சில தாள்களில் 'ஹெர்2/நியூ' என்று சாய்கோடு போட்டிருக்கும், மரபணுப் பரிசோதனைத் தாளில் 'ஈஆர்பிபி2' என்று இருக்கும். பெயர் வைத்தவர்கள் வேறு வேறு ஊரில் வேறு வேறு பிராணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் விஷயம். ஈஆர்பிபி, வாய்ப்பேச்சில் எர்ப்-பி, கோழியிலிருந்து வந்தது. கோழிகளுக்கு ரத்தப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸில் எர்ப்-ஏ, எர்ப்-பி என்று இரண்டு மரபணுக்கள். எரித்ரோபிளாஸ்ட், அதாவது சிவப்பணுவாகப் போகும் இளம் செல், அந்தச் சொல்லைத்தான் எர்ப் என்று நறுக்கினார்கள். நியூ, எலியிலிருந்து. அமெரிக்காவில் எம்ஐடியில் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் எலியின் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புக் கட்டியில் கிடைத்ததால், கட்டியின் பெயரிலேயே முதல் மூன்றெழுத்து. நியூவின் புரதத்தை முதலில் காட்டிய 1982ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் பெயர் லட்சுமி சரண் பாதி என்ற இந்தியருடையது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்புறம் 1985இல் ஜெனென்டெக் நிறுவனத்தில் ஆக்செல் உல்ரிச்சின் குழு மனித மரபணுவைப் பிரித்தெடுத்து ஹெர்2 என்றது, அதே ஆண்டு ஜப்பானியக் குழு ஒன்று எர்ப்-பி-2 என்றது, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் எல்லாம் ஒரே மரபணு. இன்று மரபணுவின் அதிகாரப்பூர்வப் பெயர் கோழி கொடுத்தது, டாக்டர்களின் வாயில் நிற்பது மனிதப் பெயர், எலி வைத்த பெயர் சாய்கோட்டுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறது.

சரி, ஏற்பி. ஆங்கிலத்தில் ரிசெப்டர். லத்தீனில் ரெசெப்டோர் என்றால் வாங்கிக்கொள்பவன், இடம் கொடுப்பவன். கொள்ளையனுக்கு அடைக்கலம் கொடுப்பவனையும் ரோமானியர்கள் அப்படித்தான் சொன்னார்கள். செல்லின் மேல் நச்சுப்பொருள் வந்து ஒட்டுகிற இடத்துக்கு 1900இல் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர். தமிழில் வினையடி, ஏல். ஏற்றல் என்றால் வாங்கிக்கொள்ளல், குறிப்பாகக் கையேந்தி வாங்கல். ஆத்திசூடியில் "ஏற்பது இகழ்ச்சி" என்று படித்தோமே, அதே ஏற்பதுதான். செல்லின் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் புரதத்துக்கு மோசமான பெயர் இல்லை. இலங்கைப் பாடநூல்களில் இது வாங்கி, செல் அங்கே கலம், குரோமோசோம் நிறமூர்த்தம். கலம் எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் தமிழ்நாட்டில் எழுதினால் பாத்திரத்தை நினைப்பார்கள். உயிரணு என்று எழுதினாலோ குழந்தையின்மை கிளினிக் விளம்பரம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அதனால் செல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இனிதான் வேடிக்கை. ஹெர்2 என்ற ஏற்பி எதையும் ஏற்பதில்லை. அதன் உடன்பிறப்புகளில் ஹெர்1, ஹெர்4 இரண்டும் ஒழுங்காக வேலை செய்கிறவை: வெளியே வளர்ச்சிக் காரணி வந்து பிடித்ததும் மடங்கியிருந்த பாகம் விரியும், விரிந்தது இன்னொரு ஏற்பியோடு ஜோடி சேரும், ஜோடியின் உள்முனைகள் ஒன்றின்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றும், 'பிரி, பெருகு' என்ற சேதி உள்ளே போகும். ஹெர்2வுக்கென்று ஒரு காரணி இதுவரை அகப்படவில்லை. 2003இல் அதன் வெளிப்பாகத்தின் அமைப்பைப் படமெடுத்துப் பார்த்தபோது அது எப்போதுமே விரிந்த நிலையில் நின்றது, யாரும் வராமலே ஜோடிக்குத் தயாராக. ஹெர்3 இதற்கு நேர்மாறு, காரணியை ஏற்கும், ஆனால் உள்ளே பாஸ்பேட் ஏற்றும் திறன் ரொம்ப சொற்பம். ஒன்றுக்குக் காது இல்லை, இன்னொன்றுக்கு வாய் இல்லை. இரண்டும் சேர்ந்தால் குடும்பத்திலேயே பலமான ஜோடி. கூடுதலாக ஒன்று: ஹெர்2 பக்கத்தில் இருந்தால் கூட்டாளி தன் காரணியை இன்னும் இறுக்கமாக, இன்னும் நெடுநேரம் பிடித்துக்கொள்ளும்.

இங்கே தமிழ் இலக்கணம் தானாக ஒரு உதவி செய்கிறது. கல் என்ற வினை கற்பி ஆகும்போது 'கற்கச் செய்' என்று பொருள். அந்தக் கணக்கில் ஏல், ஏற்பி ஆனால் 'ஏற்கச் செய்'. கலைச்சொல் செய்தவர்கள் இடிதாங்கி, ஒலிபெருக்கி வரிசையில் 'ஏற்பது எதுவோ அது ஏற்பி' என்றுதான் நினைத்திருப்பார்கள், மற்ற ஏற்பிகளுக்கு அது சரிதான். ஆனால் தான் எதையும் ஏற்காமல் பக்கத்தில் இருப்பதை ஏற்கச் செய்கிற ஹெர்2வுக்குப் பிறவினைப் பொருள்தான் கச்சிதமாக உட்காருகிறது. வாங்கி என்றால் இந்த வசதி கிடையாது, என் ஓட்டு ஏற்பிக்கே.

ரிப்போர்ட்டில் என்னை உறுத்துகிற சொல் அது இல்லை, பாசிட்டிவ். எல்லோருக்கும் ஹெர்2 இருக்கும்போது 'ஹெர்2 பாசிட்டிவ்' என்றால் என்ன? 'நேர்மறை' என்று மொழிபெயர்த்தால் நல்ல சேதி என்று நினைத்துவிடுவார்கள், நினைத்தும் இருக்கிறார்கள். உண்மையில் நடப்பது இதுதான்: கட்டியின் செல்களில் இரண்டு பிரதியாக இருக்கவேண்டிய மரபணு பத்து, இருபது என்று பெருகிவிடுகிறது, அதற்கேற்ப ஏற்பியும் செல் பரப்பில் குவிகிறது, ஒரு செல்லில் 20 லட்சம் வரை. 189 கட்டிகளில் இந்தப் பெருக்கத்தைத் தேடி, பெருகியவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று 1987இல் காட்டியவர் டென்னிஸ் ஸ்லாமன் என்ற அமெரிக்க மருத்துவர். எனவே 'ஹெர்2 மிகை' என்று எழுதலாம் என்பது என் யோசனை. மரபணு என்றதும் 'அப்போ பிள்ளைகளுக்கும் வருமா' என்ற பயம் வருகிறது, மரபு என்ற சொல் செய்கிற வேலை அது. இந்தப் பெருக்கம் கட்டிக்குள் பிற்பாடு நடந்தது, பிள்ளைகளுக்குப் போகாது.

3 பிளஸ் என்பது மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் போட்ட மதிப்பெண். ஹெர்2 இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும்படி சாயமேற்றுவார்கள். 0, 1 என்றால் செல்களைச் சுற்றி ஒன்றுமில்லை அல்லது மங்கல். 3 என்றால் செல்களைச் சுற்றி முழுக்க அழுத்தமாகப் பழுப்புக் கோடு, பார்க்க அச்சு அசலாகக் கோழிக்கூண்டு வலை. எர்ப்-பி வந்த இடத்துக்கே திரும்பிவிட்டோம். 2 வந்தால்தான் இழுபறி, அப்போது புரதத்தை விட்டுவிட்டு மரபணுப் பிரதிகளையே எண்ணும் ஃபிஷ் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதற்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை, அதுவும் முதலெழுத்துச் சுருக்கம்தான்.

சித்திக்கு எழுதிக்கொடுத்த மருந்து டிராஸ்டுசுமாப். 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பெயரைப் பின்னாலிருந்து உரித்தால் புரியும்: மாப் என்றால் ஒரே வார்ப்பில் செய்த எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), சு என்றால் சுண்டெலியில் உருவானதை மனித உடலுக்கு ஏற்ப மாற்றியது, டு என்றால் கட்டிக்கானது, முன்னால் நிற்கும் டிராஸ் மட்டும் அடையாளத்துக்கு வைத்தது. ஹெர்2வின் வெளிப்பாகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். காலமெல்லாம் எதையும் ஏற்காத ஏற்பி கடைசியில் இதை ஏற்கிறது.

இவ்வளவையும் அனுப்பினேன். சித்தியிடமிருந்து ஒரே ஒரு குரல் பதிவு: "உங்க சித்தப்பாவுக்கும் ஹெர் இருக்குன்னு நீ எழுதியிருந்ததைப் படிச்சுக் காட்டினேன். நம்பவே மாட்டேங்கிறார்."