கைது

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு பையனைப் போலீஸ் ரோட்பிளாக்கில் நிறுத்தி ஐசி (அடையாள அட்டை) கேட்டால் போதும், "புடிச்சிட்டாங்க" என்று வீட்டுக்குச் செய்தி போய்விடும். லோக்காப்பில் அடைத்தாலும் அதே சொல்தான். மலாய் 'தாங்காப்'பும் பிடிப்பதையே குறிக்கும். ஆனால் கைதுக்குச் சட்டத்தில் தெளிவான எல்லை உண்டு.

கையைப் பிடிப்பதால் கைது என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படி இல்லை. அரபியில் 'கைத்' என்றால் கட்டு, விலங்கு. பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. கைதியும் அதே வேர்தான்.

மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, ஒருவரின் உடலைத் தொடுவது அல்லது அடைத்துவைப்பது கைது. சொல்லாலோ செயலாலோ அவரே பணிந்துவிட்டாலும் கைதுதான். மரக்கட்டை ஏற்றிய லோரி தொடர்பான ஷாபான் வழக்கு நம் நாட்டு வழக்கு. 1969இல் அதை விசாரித்த, அப்போது நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், விசாரிக்க நிறுத்துவது மட்டுமே கைதாகாது என்றது. ஆதாரம் இல்லாத நிலையில் எழும் ஊகமே சந்தேகம் என்றும் சொன்னது. சரி, ஊகம் போதுமா? நிரூபிக்கும் அளவுக்குச் சான்று வேண்டாம்; ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். தோலின் நிறமோ கையிலுள்ள காப்போ அந்தக் காரணம் ஆகாது.

அதனால் முதலில் பணிவாக, "சாயா டித்தாங்காப் கா?" (என்னைக் கைது செய்கிறீர்களா?) என்று கேளுங்கள். ஆம் என்றால், அதே சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி காரணத்தைச் சொல்ல வேண்டும்; குடும்பத்தாருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 5ஆம் விதி.

தனித்தமிழில் தளைப்படுத்தல், சிறைப்பிடித்தல் என்பார்கள். தளை அருமையான பழஞ்சொல். கால்விலங்குக்கும் அதுதான், செய்யுளில் சீர்களைப் பிணைப்பதற்கும் அதுதான். அரபிச் சொல்லின் பொருள் அதில் அப்படியே இருக்கிறது. ஆனாலும் 'தளைப்படுத்தப்பட்டார்' என்று செய்தி போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. கைதே இருக்கட்டும்.

மாற்ற வேண்டியது, மாஜிஸ்திரேட் உத்தரவோடு விசாரணைக்காகக் காவலில் வைக்கும் ரிமாண்டுக்கு நம் நாளிதழ்கள் எழுதும் 'தடுப்புக் காவல்'. வழக்கே இல்லாமல் ஒரே உத்தரவில் இரண்டு ஆண்டு வரை அடைத்துவைக்க விடும் பொக்கா (குற்றத் தடுப்புச் சட்டம்) காவலுக்கும் அதே பெயர்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆம் பிரிவு சொல்லும் ரிமாண்ட் வேறு. 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றம் என்றால் முதலில் அதிகபட்சம் 4 நாள், அப்புறம் 3 நாள், அவ்வளவுதான். இதை 'விசாரணைக் காவல்' என்று எழுதினால், செய்தியைப் படிக்கும் அம்மா மகனை இரண்டு வருஷம் உள்ளே வைத்துவிடுவார்களோ என்று பதற மாட்டார்.