நியூசன்ஸ்: பொதுத் தொல்லை

"நியூசன்ஸ் கேஸ்ல புடிச்சு உள்ள வெச்சிருவேன்" என்ற மிரட்டலைக் கேட்காத தெரு தமிழ்நாட்டில் இருக்காது. "அவன் பெரிய நியூசன்ஸ்ப்பா" என்று ஆளையே அந்தச் சொல்லால் குறிப்பதும் பழகிப்போன பேச்சுதான். சட்டத்தில் இந்தச் சொல் ஆளைக் குறிப்பதில்லை. ஒரு செயல், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது, ஓர் இடம், ஒரு பொருள் ஆகியவற்றுக்கே அது பொருந்தும். தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939 தரும் வரையறை பார்வைக்கும் மூக்குக்கும் காதுக்கும் ஒவ்வாதவற்றைச் சேர்ப்பதோடு, ஓய்வையும் உறக்கத்தையும் கெடுப்பதையும் தனியே சொல்கிறது. ஆகவே அண்டை வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இரவு 11 மணிக்கு அவர் வீட்டு மாடியில் ஓடும் ஸ்பீக்கர்தான் தொல்லை.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. 'நுயீர்' என்றால் கேடு செய்தல். அதற்கும் மூலம் லத்தீனின் 'நொக்கேரே'. நாம் அன்றாடம் சொல்லும் 'இன்னசன்ட்' இதே வேரில் கிளைத்தது. கேடு செய்யாதவர் என்பதே அதன் நேர்ப்பொருள். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நியூசன்ஸ் என்றால் காயம், கேடு என்ற கனமான பொருள் இருந்தது. எரிச்சலூட்டுவது என்ற இலேசான பொருள் பின்னால் ஏறியது. இலேசான பொருள் பேச்சில் தங்கிவிட்டது, கனமான பொருள் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 268ஆம் பிரிவில் இதற்கு வரையறை தந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 270ஆம் பிரிவு. சென்னை மாகாணத்தில் 1889இல் நகரத் தொல்லைகளுக்கென்றே 3ஆம் எண் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நம் ஊர் வாயில் இந்த ஆங்கிலச் சொல் இவ்வளவு ஆழமாக ஊறியதில் அந்தச் சட்டத்துக்கும் காவல் நிலையத்துக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

தமிழில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது? தொல்லை, தொந்தரவு, இடையூறு, உபத்திரவம் என நான்கு சொற்கள் புழங்குகின்றன. உபத்திரவம் வடசொல். தொந்தரவுக்குக் கன்னடத்தில் இதே பொருளில் 'தொந்தரெ' உண்டு. தெலுங்கில் 'தொந்தர' என்றால் அவசரம். பேச்சுக்கு இவை இரண்டும் போதும். மனுவிலும் ஆணையிலும் வைக்க வேண்டியவை தொல்லையும் இடையூறும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைப்பதுதான் பெரும்பாலான மனுக்களில் நடக்கும் தவறு. இடையூறு என்பது இடையில் வந்து உறுவது, அதாவது வழியை மறிப்பது. நடைபாதையை அடைத்துப் போட்ட பந்தல் இடையூறு, அந்தப் பந்தலிலிருந்து வரும் இரைச்சல் தொல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவும் தடையையும் தொல்லையையும் இரண்டாகவே எண்ணுகிறது. "பொதுமக்களுக்கு இடையூறு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், வந்து பார்க்கிற காவலர் வண்டி போக வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருக்கிறது என்று எழுதி முடித்துவிடலாம்.

தொல்லை என்ற சொல்லுக்கே ஒரு பழைய வரலாறு உண்டு. 'தொல்' என்றால் பழமை, தொல்லை என்றாலும் முதலில் பழமைதான். "தொல்லைக்கண் நின்றார் தொடர்பு" என்ற 806ஆம் குறளில் அது நெடுங்காலமாகத் துணை நின்றவரின் நட்பைக் குறிக்கிறது. துன்பம் என்ற பொருள் பின்னால் சேர்ந்து, இன்று பழைய பொருளை முழுக்க மறைத்துவிட்டது. சட்டத் தமிழ் இந்தச் சொல்லைத் தேர்ந்தது சரியான தேர்வு. விட்டு விலகாமல் தொடர்ந்து வருத்துவது என்ற சாயல் இடையூறில் இல்லை, தொல்லையில் இருக்கிறது.

ஒலியைக் குறிக்கும் சொற்களிலும் இதே கவனம் தேவை. ஒலி பொதுப்பெயர், அதில் குற்றம் எதுவும் இல்லை. சத்தம் 'சப்தம்' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். வேண்டாத ஒலிக்கு நம்மிடம் இரைச்சல் என்ற அருமையான சொல் இருக்கிறது. அரசு ஆவணங்களில் 'ஒலி மாசு' நிலைத்துவிட்டது, விதிகளின் பெயரைச் சொல்லும்போது அப்படியே சொல்லலாம். விளக்கும் இடங்களில் 'இரைச்சல்' என்று எழுதினால் பொருள் இன்னும் தெளிவாகும்.

ஒலி எப்போது தொல்லையாகிறது? இடம், நேரம், அளவு மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. 1879இல் லண்டனில் தீர்ப்பான ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மேன் வழக்கு இதற்கு நல்ல சான்று. ஒரு மிட்டாய்க்காரர் தம் சமையற்கூடத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய உரல்களில் இடித்துவந்தார். அதுவரை யாருக்கும் குறையில்லை. பக்கத்து வீட்டு மருத்துவர் தம் தோட்டத்தின் கோடியில், அந்தச் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்கும் அறை ஒன்று கட்டியதும் உரல் ஓசை தொல்லையாகிவிட்டது. மருத்துவரே வென்றார். பல ஆண்டுகளாக நடப்பதாலோ, குறை சொல்பவர் பின்னால் வந்தார் என்பதாலோ தொல்லை உரிமையாகிவிடாது. ஒரு பகுதியில் தொல்லையாக இருப்பது இன்னொரு பகுதியில் தொல்லையாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது.

2000 பிப்ரவரியில் வந்த ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் அந்தக் கருத்துக்கு எண் கொடுத்தன. ஒலியை அளக்கும் அலகு டெசிபல். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அளவுக்கு அமையும் அமைதி மண்டலத்தில் 50, 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. இதில் ஒரு சிக்கல் உண்டு: 2017 திருத்தத்துக்குப் பின், அரசு அறிவித்தால்தான் ஓர் இடம் அமைதி மண்டலமாகும். பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதாலேயே 50 டெசிபல் வரம்பைக் கோர முடியாது. முதலில் அறிவிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்குக்கு உள்ளேயும் பொது அவசரத்துக்கும் தவிர அது கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம். இந்தத் தளர்வை அறிவிக்க வேண்டியது அரசு. ஊர்க் கமிட்டியோ ரேடியோ செட்டுக்காரரோ தாமாக எடுத்துக்கொள்ள முடியாது. பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கியின் அளவு அந்தப் பகுதி வரம்பைவிட 10 டெசிபல் கூடுதலாகவோ 75 டெசிபலாகவோ, இரண்டில் குறைவான அளவைத் தாண்டக் கூடாது. தனியார் இடத்துக்கு 5 டெசிபல் மட்டுமே கூடுதல். 2010 முதல் குடியிருப்புப் பகுதியில் இரவில் ஹாரன் அடிப்பதும், இரைச்சலிடும் கட்டுமான எந்திரங்களை ஓட்டுவதும் தடைக்குள் வந்துவிட்டன.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 70 டெசிபல் தரும் ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அதே போல இன்னொன்றை வைத்தால் 140 வராது, 73 வரும். 10 டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்காகும். காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். தெரு இருபக்கச் சுவருக்கு நடுவே இருந்தால் அவ்வளவு குறையாது. வரம்பில் சொல்லப்படும் 55 என்பது நேரச் சராசரி. கைபேசிச் செயலி ஒரு நொடியில் காட்டும் 82ஐ அதோடு ஒப்பிட்டுப் புகார் எழுதினால் முதல் கேள்வியிலேயே அது விழுந்துவிடும். செயலியின் அளவு சரிபார்க்கப்பட்ட அளவு அல்ல. அதைக் குறிப்புக்காக வைத்துக்கொள்ளலாம். சான்றாக நிற்பது அதிகாரிகளின் கருவி காட்டும் அளவுதான். ஒலி வரும் கருவியை அணைத்துவிட்டு ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை என இரண்டு அளவும் வேண்டும். இல்லாவிட்டால், "அது ரோட்டுச் சத்தம்" என்ற பதிலுக்கு மறுமொழி இருக்காது.

ஊராட்சித் தலைவரிடமோ நகராட்சி ஆணையரிடமோ ஒலிபெருக்கிப் புகாரைக் கொண்டுபோவது பலரும் செய்யும் தவறு. இந்த விதிகளில் அதிகாரி என்பவர் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் அல்லது காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத, அரசு குறிப்பிட்ட அலுவலர். அந்த நேரத்திலேயே நிறுத்த வேண்டுமானால் 100 அல்லது 112க்கு அழைக்க வேண்டும். எழுதிக் கொடுக்கும் புகாருக்குக் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான எண்ணிட்ட ரசீது, கேட்டு வாங்க வேண்டும், அடுத்த படி எல்லாம் அந்த எண்ணின் மேல்தான் நடக்கும். உள்ளாட்சியின் பிடி உரிமத்தில் இருக்கிறது. குடியிருப்புக்கு நடுவே மாவு மில், வெல்டிங் பட்டறை, மரம் அறுக்கும் எந்திரம் ஓடினால் தொழில் உரிமம் உண்டா, எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்று நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ கேட்கலாம். அளவெடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் மனு கொடுக்க வேண்டும். அப்படியும் தொடர்ந்தால் முன்பு சொன்ன நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் போகலாம். அவர் நிபந்தனை ஆணை பிறப்பித்து, எதிர்தரப்பைக் காரணம் காட்டச் சொல்வார். முறைப்படி பிறந்த அந்த ஆணையை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடியாது.

பொதுத் தொல்லைக்கான தண்டனை சிறியது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆம் பிரிவில் 1000 ரூபாய் வரை அபராதம், அவ்வளவே. நிறுத்தச் சொல்லி ஆணை வந்த பிறகும் தொடர்ந்தால் 293ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ 5000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆகவே அபராதத்தைவிட அந்த ஆணையைப் பெறுவதில் முனைவதே பயன் தரும்.

ஒரே ஒரு வீட்டை வருத்தும் இரைச்சல் தனியார் தொல்லை. மேல் மாடியின் மோட்டார், சுவரில் பதித்த ஏ.சி. எந்திரம் போன்றவை இதில் சேரும். இதற்கு உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக் கட்டளை கோர வேண்டும். ஒரு செயலைச் செய்யாதே என்று நீதிமன்றம் இடும் ஆணை அது. உறுத்துக் கட்டளை என்பது நாம் பேச்சில் 'ஸ்டே' என்றும் 'இன்ஜங்ஷன்' என்றும் கலந்து சொல்வதில் இன்ஜங்ஷனுக்கான தமிழ். பொதுத் தொல்லைக்கும் வழக்குப் போடலாம்: உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு நீதிமன்ற அனுமதியோடு இரண்டு பேர் சேர்ந்து தொடுக்க வழி விட்டிருக்கிறது. தமக்குத் தனியாக இழப்பு நேர்ந்தது என்று காட்ட வேண்டியதில்லை.

சமயம் சார்ந்த ஒலிக்கு விலக்கு உண்டா என்ற கேள்விக்கு விடை சென்னையிலிருந்தே கிடைத்தது. மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியின் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கம் தொடர்ந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தான். இலங்கையிலும் 1862 முதல் தொல்லைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அங்கும் 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி அனுமதி தரக் கூடாது என்றது.

மனுவில் 'நியூசன்ஸ் செய்கிறார்' என்று எழுதாமல் இப்படி எழுதலாம்: "மேற்படி முகவரியில் உள்ள மண்டபத்தின் திறந்த மாடியில், இந்தத் தேதிகளில் இரவு 10.20 முதல் 11.45 வரை கூம்பு ஒலிபெருக்கிகள் இரண்டு இயக்கப்பட்டன. எங்கள் வீடு 40 மீட்டரில் உள்ளது. இது குடியிருப்புப் பகுதி. உறக்கம் கெடுவதால் இது பொதுத் தொல்லையாகிறது. அனுமதி வழங்கப்பட்டதா எனத் தெரிவித்து, ஒலி அளவை எடுத்து நடவடிக்கை எடுக்கக் கோருகிறோம்." கீழே குறைந்தது இரண்டு மூன்று வீட்டாராவது கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் இட்டால், அதைத் தனியார் தொல்லை என்று சொல்லி நீதிமன்றத்துக்குத் திருப்பிவிட வாய்ப்புண்டு.