ஸ்லைடு இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை

அறிக்கை கையெழுத்தாகி கோர்ட்டுக்குப் போய்விட்டால் அந்தக் கேஸ் முடிந்தது என்றுதான் தடய அறிவியல் ஆய்வகத்தில் பலரும் நினைக்கிறோம். துணியும் கத்தியும் சீல் வைத்துத் திரும்பிப் போய்விடும். நுண்ணோக்கியில் பார்க்க நாம் தயாரித்த ஸ்லைடுகள் பெரும்பாலும் நம்மிடமே தங்கிவிடும். பாலியல் வன்முறை வழக்கில் எடுத்த ஸ்மியர் (கண்ணாடியில் தடவிய மெல்லிய பூச்சு), தலைமுடி, துணி இழை, நீரில் இறந்து கிடந்தவரின் எலும்பு மஜ்ஜையில் தேடிய டயாட்டம் என்ற நுண்பாசி, போஸ்ட்மார்ட்டத் திசு என எல்லாமே 75 × 25 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டுகளாக ஒரு மூலையில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

அந்த மூலைதான் ஆய்வகத்தில் யாருக்கும் சொந்தமில்லாத இடம். நான் பார்த்த ஓர் ஆய்வகத்தில் பழைய ஸ்லைடுகள் காலியான கையுறைப் பெட்டிகளில் ரப்பர் பேண்ட் போட்டு நின்றன. ரப்பர் பேண்ட் உருகிக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. ரெஜிஸ்டரைக் கேட்டால் இருக்கிறது. ஸ்லைடைக் கேட்டாலும் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கும் எண்தான் இல்லை.

ஸ்டெயின் (சாயம்) போட்டுவிட்டால் ஸ்லைடின் பயன் தீர்ந்தது என்பது பழைய எண்ணம். கிறிஸ்துமஸ் ட்ரீ ஸ்டெயினில் விந்தணுவின் தலை சிவப்பாகவும் வால் பச்சையாகவும் தெரியும். அதைப் பார்த்து 'உண்டு' என்று எழுதினோம், சரி. அந்தச் சிவப்புத் தலைக்குள் டிஎன்ஏ இன்னும் இருக்கிறது. பல வருஷம் கழித்து, ஸ்லைடை மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பை, பசையைக் கரைக்கும் சைலீனில் ஊறவைத்துக் கழற்றி, செல்களைச் சுரண்டி எடுத்து டிஎன்ஏ பார்க்க முடியும். பழைய ஸ்லைடு என்றால் கவர் ஸ்லிப் கழல நாள் கணக்கில் ஊற வேண்டியிருக்கும். கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துவிடுங்கள். அதே ஸ்லைடை அதே நிலையில் மறுபடி பார்க்க வாய்ப்பு வராது.

நியூயார்க்கில் ஆலன் நியூட்டன் என்பவர் 1985இல் பாலியல் வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டார். 1994இல் டிஎன்ஏ பரிசோதனை கேட்டார். சான்றுப் பெட்டியைக் காணவில்லை என்று பதில் வந்தது. மறுபடி மறுபடி கேட்ட பிறகு 2005இல் பெட்டி கிடைத்தது. எங்கே என்கிறீர்கள்? போலீஸ் கிடங்கில், அது இருக்க வேண்டிய அதே பீப்பாயில். 2006இல் அவர் நிரபராதியாக வெளியே வந்தார். சான்று அழியவில்லை, கெடவில்லை. இறங்கித் தேட ஆளில்லை, அவ்வளவுதான். இதைப் படிக்கும்போது எனக்கு அந்தக் கையுறைப் பெட்டிகள்தான் கண்முன் வரும்.

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். தேனி மாவட்டக் கொலை வழக்கு ஒன்றில் மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மாதிரிகளைக் கையாண்ட விதத்தை அந்தத் தீர்ப்பு கடுமையாகவே பேசியது. டிஎன்ஏ மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், சேகரித்ததிலிருந்து வழக்கு முடியும் வரை கைமாறிய பதிவேடு இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஸ்மியர் ஸ்லைடும் அதே உடலிலிருந்து எடுத்த மாதிரிதான். பஞ்சுக் குச்சியில் எடுத்த ஸ்வாப்புக்குப் பதிவேடு போட்டுவிட்டு ஸ்லைடை மேஜை டிராயரில் போட்டால் குறுக்கு விசாரணையில் மாட்டுவது நாம்தான்.

எண் எழுதுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஓரத்தில் சொரசொரப்பான பட்டை உள்ள ஸ்லைடை வாங்கி பென்சிலால் எழுதுங்கள். மார்க்கரும் பால்பாயின்ட்டும் ஆல்கஹாலிலோ சைலீனிலோ கரைந்து ஓடிவிடும். பென்சில் ஓடாது. முக்கியமான வழக்குகளில் வைரமுனை பேனாவால் கண்ணாடியிலேயே கீறிவிடலாம். ஒட்டும் லேபிளை மட்டும் நம்பாதீர்கள். நம் வெக்கையில் பசை காய்ந்து உரிந்துவிடும், மிச்சத்தை வெள்ளிப்பூச்சி தின்றுவிடும். ஆய்வக எண், வருடம், பொருள் எண், அந்தப் பொருளின் எத்தனையாவது ஸ்லைடு ஆகிய நான்கும் கண்ணாடியில் இருந்தாக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயர் கூடாது. போக்சோ வழக்குகள் வரும் இடத்தில் இதைத் தனியாகச் சொல்லத் தேவையிருக்கக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்.

அடுக்குவதில் ஆளுக்கொரு முறை உண்டு. காவல் நிலைய வாரியாக, குற்ற வாரியாக, ஆய்வாளர் வாரியாக எல்லாம் பார்த்திருக்கிறேன். என் ஓட்டு ஆய்வக எண் வரிசைக்கே. காவல் நிலையம் இரண்டாகப் பிரியும், ஆய்வாளர் மாறுதலில் போவார், எண் மட்டும் மாறாது. நூறு ஸ்லைடு கொள்ளும் பெட்டியின் மூடியில் உள்ள அட்டவணையை நிரப்பி, பெட்டி எண்ணையும் ஸ்லைடு நிற்கும் பள்ளத்தின் எண்ணையும் ரெஜிஸ்டரில் ஏற்றுங்கள். ஸ்லைடை வெளியே எடுத்தால் அந்தப் பள்ளம் காலியாக இருக்கக் கூடாது. அதே அளவு சிவப்பு பிளாஸ்டிக் துண்டில் யார் எடுத்தார், எந்தத் தேதி, எதற்கு என்று எழுதிச் செருகுங்கள். உடைந்தால் குப்பையில் போடாதீர்கள். துண்டுகளைச் சிறு டப்பாவில் போட்டு, உடைந்த விவரத்தை எழுதி, தலைமை ஆய்வாளரின் கையெழுத்து வாங்கி, அதே எண்ணில் வையுங்கள். உடைந்த ஸ்லைடிலும் டிஎன்ஏ இருக்கும்.

கவர் ஸ்லிப்பை ஒட்டும் டிபிஎக்ஸ் பசை போட்ட ஸ்லைடு நன்றாகக் காயும் வரை தட்டில் படுத்துத்தான் இருக்க வேண்டும். அவசரப்பட்டு நிறுத்தினால் கவர் ஸ்லிப் சறுக்கும், பெட்டியோடு ஒட்டும். கவர் ஸ்லிப் போடாத ஸ்மியரைத் திறந்து வைத்துவிட்டு ஒரு ராத்திரி போனால் எறும்பும் கரப்பானும் மிச்சம் வைக்காது. மலேரியா ரத்தப் பூச்சு பார்க்கிறவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வெளிச்சம் பட்டால் ஸ்டெயின் வெளுக்கும், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். மூடிய அலமாரி, சிலிக்கா ஜெல், பூட்டு, சாவிக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தால் போதும்.

இன்னொன்று, எடை. ஒரு ஸ்லைடு ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஐம்பதாயிரம் சேர்ந்தால் கண்ணாடி மட்டும் 230 கிலோவைத் தாண்டும், பெட்டியும் இரும்பு அலமாரியும் தனி. 2024 ஜூலை முதல் ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. மாநிலங்கள் அதை ஐந்து ஆண்டுகளுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். ஆக, ஸ்லைடு கூடத்தான் போகிறது. மாடியில் அலமாரி வாங்கிப் போடுவதற்கு முன்னால் பொதுப்பணித் துறை இன்ஜினீயரிடம் இந்தக் கணக்கைக் காட்டி, தரை தாங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் தரைத்தளத்திலேயே இடம் கேளுங்கள். மழைத்தண்ணீர் ஏறும் கட்டடம் என்றால் அடித்தட்டை மட்டும் காலியாக விடுங்கள்.